ஐந்து ஜனாதிபதிகளும் ஒரு கன்னியர் கல்லூரியும்: ‘புகாட் பாபோய்’ – ஒரு நிகழ்வு ஆய்வு

நடந்தது

2013 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மணிலாவிலிருந்து வரும் ‘பிலிப்பைன் டெய்லி இன்க்வயரர்’ நாளிதழில் ‘புகாட் பாபோய்’ என்ற சித்திரத் தொடர் அன்றும் வந்திருந்தது. தாகலோக் மொழிப் பெயர் அது, தமிழில் ‘பன்றிக்கூடு’ என்று சொல்லலாம். அன்றைய பேச்சு கிறிஸ்தவமும் ஒருபாலீர்ப்பும் பற்றியது. ஒருபால் காதலைப் பாவம் என்று கண்டிக்கிறார்கள், ஆனால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்விக்கூடங்களில் மட்டும் அதைக் கண்டுகொள்வதில்லை, இது போலித்தனம் இல்லையா என்ற தொனி. பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் மணிலாவில் பெயர்பெற்ற ஒரு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரியின் பெயரும் அதில் இருந்தது.

கல்லூரி கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. பத்திரிகை தொடரை நிறுத்தி வைத்தது. வரைந்தவரான போல் மெடினா மன்னிப்புக் கேட்டார், பிறகு விலகிக்கொண்டார். 1988 மே 18 அன்று தொடங்கிய உறவு, 25 ஆண்டு நிறைந்த சில வாரங்களிலேயே முடிந்துபோனது.

அந்தக் கால் நூற்றாண்டில் நாட்டை ஆண்டவர்கள் ஐந்து பேர்: கொராசோன் அக்கினோ, ஃபிடெல் ராமோஸ், ஜோசப் எஸ்ட்ராடா, குளோரியா மகபகால் அரோயோ, பெனிக்னோ அக்கினோ மூன்றாமவர். அத்தனை பேர் காலத்திலும் அரசியல்வாதிகளையும் அதிகாரிகளையும் சீருடைக்காரர்களையும் சீண்டிக்கொண்டே வந்த தொடர் அது. ஜனாதிபதி அரண்மனையால் நிற்காதது ஒரு கல்லூரியால் நின்றது. எப்படி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

சித்திரத் தொடரில் அரசியலைத் தேடுபவர்கள் பொதுவாக எந்தத் தலைவரை எப்படி வரைந்தார்கள் என்று பார்ப்பார்கள். அதைவிட எனக்கு உபயோகமாகப் படுவது வேறு ஒரு கேள்வி: எந்தக் காலத்தில் யாரைத் தொட முடியாமல் இருந்தது? அந்தக் கோடு இடம் மாறுவதில்தான் ஆட்சி மாற்றம் சரியாகத் தெரிகிறது.

அதற்கு முன்: கோடு எங்கே இருந்தது

பிலிப்பைன்ஸின் முதல் பெரிய சித்திரத் தொடர் நாயகன் கென்கோய். 1929 ஜனவரி 11 அன்று ‘லிவாய்வாய்’ வார இதழில் பிறந்தான். ரோமுவால்டோ ராமோஸ் எழுத, டோனி வெலாஸ்குவெஸ் வரைந்தார். நாடு அப்போது அமெரிக்கர் கையில். கென்கோய் தலையில் பொமேட் தடவி வாரியிருப்பான், தொளதொள கால்சட்டை போட்டிருப்பான், தாகலோகும் ஸ்பானிஷும் கலந்த ஓட்டை ஆங்கிலத்தில் பேசுவான். அவன் காதலி ரோசிங் உள்நாட்டு உடையில், அடக்க ஒடுக்கமாக. இதில் சிரிப்புக்கு ஆளாகிறவன் வெள்ளைக்காரன் இல்லை, அவனைப் போல ஆகத் துடிக்கும் உள்ளூர்ப் பையன். ஆனால் வாசகர்கள் அவனை வெறுக்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டார்கள். காலனி ஆட்சி மனிதர்களை எப்படி மாற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி அன்றைய தலையங்கங்களில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். பத்திரிகைகள் அவர்கள் கட்டுப்பாட்டுக்குள் போயின. அதே வெலாஸ்குவெஸ் ‘ட்ரிப்யூன்’ நாளிதழில் ‘கலிபாபி குடும்பம்’ என்ற தொடரை வரைந்தார். ஜப்பானியர் அனுமதித்த ஒரே கட்சியின் பெயர் கலிபாபி. ஒரு கை முதலில் கென்கோயை வரைகிறது, அப்புறம் ஆக்கிரமிப்பாளனின் கட்சிக்குக் குடும்பப் படம் வரைகிறது. இதற்காக வெலாஸ்குவெஸைத் திட்டுவது எளிது. பட்டினி நகரத்தில் வேறு அச்சகம் எங்கே இருந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பின் சுதந்திரம், சத்தமான பத்திரிகைச் சுதந்திரம். 1963-ல் ‘மணிலா டைம்ஸ்’ நாளிதழில் நோனோய் மார்செலோ ‘டிசோய்’ தொடரைத் தொடங்கினார். வேலைவெட்டி இல்லாத நகரத்து இளைஞர்கள், அவர்களுடைய தெருப்பேச்சு, அந்தப் பத்தாண்டின் மோஸ்தர்கள். 1972 செப்டம்பரில் ஜனாதிபதி ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது ‘மணிலா டைம்ஸ்’ உட்பட சுதந்திரமான நாளிதழ்கள் மூடப்பட்டன. ஆட்சியாளருக்கு நெருக்கமானவர்களின் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ போன்றவை மட்டும் ஓடின. அதில்தான் லாரி அல்காலாவின் ‘சியோபாவ்மேன்’ வந்தது, சூப்பர்மேனைக் கேலி செய்யும் ஒரு வேடிக்கை நாயகன். அல்காலா பெரிய கலைஞர். 2018-ல், மறைந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, அவருக்கு தேசியக் கலைஞர் பட்டம் கிடைத்தது. 1980-ல் தொடங்கிய அவருடைய ‘ஸ்லைஸ் ஆஃப் லைஃப்’ படங்களில் சந்தை, ஜீப்னி, கல்யாணம், மழை வெள்ளம் என்று ஒரு ஊரே நெருக்கியடித்து நிற்கும். அதற்குள் எங்கோ அல்காலாவின் முகமும் ஒளிந்திருக்கும். வாசகர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பெரியவர்களைத் தொட முடியாத காலத்தில் கூட்டத்தை வரைந்தார் என்று இதைப் படிக்கத் தோன்றுகிறது. அல்காலா அப்படி நினைத்து வரைந்தாரா என்பது வேறு விஷயம்.

மார்செலோ சில ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்துவிட்டுத் திரும்பினார். அப்புறம் அவர் செய்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1978-ல் ‘தத்ஹானா’ என்ற முழுநீள அனிமேஷன் படம் செய்தார். மார்கோஸ் பெயரில் வந்த வரலாற்று நூல் வரிசையை அடிப்படையாகக் கொண்டது அது. பின்னணியில் இருந்தவர் மார்கோஸின் மகள் இமீ. அதே மார்செலோ இன்னொரு பக்கம் ‘இகாபோட்’ என்ற எலியை வரைந்தார். எலிகள் மட்டுமே வாழும் தேசம், அதற்குப் பெயர் டகலாண்டியா. அங்கே நடந்ததெல்லாம் மார்கோஸ் காலத்து பிலிப்பைன்ஸில் நடந்தவைதான். தணிக்கையாளர் கேட்டால் இது எலிக்கதை ஐயா என்று சொல்லிவிடலாம். இது எலிக்கதை இல்லை என்று தணிக்கையாளர் நிரூபிக்க வேண்டுமென்றால், எந்த எலி யார் என்று அவரே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல எந்த அதிகாரிக்குத் துணிச்சல் வரும்?

ஆக, ராணுவச் சட்டக் காலத்தில் கோடு அரண்மனையைச் சுற்றிப் போடப்பட்டிருந்தது. மனித முகத்தோடு அதைத் தாண்ட முடியாது. வால் இருந்தால் தாண்டலாம்.

பன்றிக்கூடு

1983 ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு கொசுப் பத்திரிகைகள் என்று அழைக்கப்பட்ட சின்ன எதிர்ப்பு இதழ்கள் வலுத்தன. அந்த வழியில் வந்ததுதான் ‘இன்க்வயரர்’. யூஜீனியா அப்போஸ்டால் 1985 டிசம்பர் 9 அன்று தொடங்கினார். பதினொரே வாரத்தில், 1986 பிப்ரவரி 25 இரவு, மார்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் அவரை எதிர்த்துத் திரண்ட மக்களோடு சேர்ந்து வளர்ந்த பத்திரிகை என்பதால் அதற்கு ஒரு தனி மரியாதை.

மெடினா கட்டடக்கலை படித்தவர். 80-களில் பல ஆயிரம் பிலிப்பினோக்களைப் போல மேற்காசியாவுக்கு வேலைக்குப் போனார், அவருக்கு வாய்த்தது ஈராக். அங்கே இருந்தபோதுதான் இந்தத் தொடருக்கான எண்ணம் உருவானது. ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை 1974-ல் அரசுக் கொள்கையாகவே ஆக்கியது மார்கோஸ் ஆட்சி. அந்தக் கொள்கையில் ஏறிப் போன ஒருவர், ஆட்சி விழுந்த பின் திரும்பி வந்து வரைந்த தொடர் இது. தூரத்திலிருந்து ஊரை நினைத்துப் பார்த்தவரின் கண் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

மணிலாவில் ஒரு குடியிருப்பு. அங்கே எல்லோரும் குண்டு. நடுவில் தாகுல், அவர் மனைவி டெபி, அவர்களுடைய பிள்ளைகள், வீட்டு வேலை செய்யும் பிரோசியா. விமானப்படையில் சார்ஜென்டாக இருக்கும் தோமாஸ், அவரை அதட்டி வைத்திருக்கும் மனைவி பார்பி. எல்லோருக்கும் மேலே, பேசும் நாய் போல்காஸ். மனிதர்களைவிட அதற்கு விவரம் அதிகம்; நேரம் கிடைத்தால் ரகசிய உளவாளியாகவும் அவதாரம் எடுக்கும்.

ஏன் எல்லோரும் குண்டு? வெறும் சிரிப்புக்காக என்று விட்டுவிடலாம். ஆனால் தொடர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சர்க்கரை விலை சரிந்து நெக்ரோஸ் தீவில் குழந்தைகள் பட்டினியில் வாடிய படங்கள் உலகம் முழுக்கப் போயிருந்தன. அந்த நாட்டில், சாப்பாட்டை விட்டால் வேறு ஆறுதல் இல்லாத நடுத்தர வர்க்கத்தை இப்படி வரைவதில் ஒரு குத்தல் இருக்கிறது. வாசகன் சிரிப்பது தன் தொப்பையைப் பார்த்துத்தான். மற்றவனைக் கேலி செய்யும் உரிமையை மெடினா இப்படித்தான் சம்பாதித்துக்கொண்டார்.

தோமாஸ் என்ற சார்ஜென்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தொடர் தொடங்குவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1987 ஆகஸ்டில், கர்னல் கிரெகோரியோ ஹொனாசான் தலைமையில் ராணுவத்தின் ஒரு பிரிவு கொராசோன் அக்கினோவைக் கவிழ்க்கப் பார்த்தது. 1989 டிசம்பரில் இன்னும் பெரிய முயற்சி. அமெரிக்கப் போர் விமானங்கள் மணிலா மேல் பறந்து அரசைக் காப்பாற்ற வேண்டி வந்தது. ஹொனாசான் பின்னாளில், 1995-ல், மக்கள் ஓட்டிலேயே செனட்டரானார். பதினான்கு ஆண்டு சீருடையைக் கண்டு பயந்த நாட்டில், சீருடை போட்டவன் பக்கத்து வீட்டுக்காரனாக, சம்பளம் போதாதவனாக, மனைவிக்குப் பயந்தவனாக வருகிறான். இது 1978-ல் நடந்திருக்க முடியாது. மார்கோஸ் போய்விட்டார் என்பதை எட்சா நினைவுச் சின்னங்களைவிட இந்தத் தொப்பை சார்ஜென்ட் எனக்கு நன்றாகச் சொல்கிறார்.

இன்னொன்று, பேச்சு. ‘இன்க்வயரர்’ ஆங்கில நாளிதழ். செய்தி, தலையங்கம், விளம்பரம் எல்லாம் ஆங்கிலம். ‘புகாட் பாபோய்’ தொடரோ தாகலோகும் ஆங்கிலமும் கலந்து, வீட்டில் பேசுவது போலவே பேசியது. காலையில் அந்தப் பத்திரிகையைப் பிரிக்கும் மணிலாவாசி, முதல் பக்கத்தில் அரசாங்கத்தின் மொழியைப் படித்துவிட்டு, காமிக்ஸ் பக்கத்தில் தன் மொழிக்கு வந்து சேர்வான். எரிச்சல், வசவு, நக்கல், முணுமுணுப்பு எல்லாம் அங்கேதான் அச்சேறின.

தலையங்கக் கார்ட்டூனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலம். தலையங்கக் கார்ட்டூன் நேற்றைய செய்தியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வாரம் பார்த்தால் பாதி புரியாது. தினத்தொடர் முன்கூட்டியே வரைந்து கொடுக்கப்படுவது, அன்றன்றைய செய்தியோடு ஓட முடியாது. அதனால் செய்தி போன பின்னும் தங்கிவிடுகிறவைதான் அதற்குக் கிடைக்கும். 1992, 93-ல் மணிலாவில் நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம்கூட மின்சாரம் இருக்காது. 1991-ல் பினாதுபோ எரிமலை வெடித்தது. அதே ஆண்டு செனட் 12-க்கு 11 என்ற ஓட்டில் அமெரிக்க ராணுவத் தளங்களின் ஒப்பந்தத்தை நிராகரித்தது. இவை வரலாற்றுத் தேதிகள். குடும்பத்துக்கு அவை வந்து சேர்வது இருட்டாக, புழுக்கமாக, அரிசி விலையாக, வேலை போன உறவினராக. சித்திரத் தொடரின் வயல் அதுதான். போல்காஸுக்கு இத்தனை ஆண்டில் வயதே ஆகவில்லை. ஜனாதிபதிகளுக்குத்தான் தவணை முடிந்துகொண்டே இருந்தது. அதே மனிதர்கள் அதே புலம்பலை வேறு வேறு பெயர்களைச் சொல்லிப் புலம்புவதைக் கால் நூற்றாண்டு பார்த்த வாசகனுக்கு எட்சா எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

1999-ம் 2013-ம்

சரி, அப்படிப்பட்ட தொடரை அப்படிப்பட்ட பத்திரிகை ஏன் விட்டுக்கொடுத்தது?

பத்திரிகை பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. 1999-ல் ஜனாதிபதி எஸ்ட்ராடா ‘மணிலா டைம்ஸ்’ மேல் 101 மில்லியன் பெசோ கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். அதன் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், பத்திரிகையை விற்றும் விட்டார்கள். அதே நேரத்தில் எஸ்ட்ராடாவுக்கு வேண்டிய திரைத்துறையினரும் நிறுவனங்களும் ‘இன்க்வயரர்’ நாளிதழில் விளம்பரங்களை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் நீடித்த புறக்கணிப்பு. பத்திரிகை மசியவில்லை. (தன் ஆங்கிலத்தைப் பற்றிய ஜோக்குகளையே தேர்தல் முதலீடாக்கிய நடிகர் எஸ்ட்ராடா. அவருக்கு ஜோக் பிடிக்கும், செய்திதான் பிடிக்கவில்லை.)

அந்தப் பத்திரிகைதான் 2013-ல் ஒரு கல்லூரியின் கடிதத்துக்கு இறங்கிப் போனது. எனக்குத் தெரியும் காரணம் இது. ஜனாதிபதி வெளியே இருக்கும் எதிரி. அவரை எதிர்த்தால் வாசகர் மதிப்பார். கன்னியர் கல்லூரி வாசகரின் வீட்டுக்குள் இருக்கிறது. ஆங்கில நாளிதழ் வாங்கும் மணிலா நடுத்தர, மேல்தட்டுக் குடும்பங்களில் அம்மாவோ மகளோ அத்தையோ அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில் படித்தவராக இருப்பார். பத்திரிகை ஆசிரியர் குழுவிலும் அப்படித்தான். எட்சா சாலையில் டாங்கிகளுக்கு முன் ஜெபமாலையோடு மண்டியிட்டவர்கள் கன்னியாஸ்திரிகள். 1986-ன் கதையில் அவர்கள் நாயகிகள். அந்தக் கதையில் பிறந்த பத்திரிகை அவர்களோடு மோத விரும்பாதது ஆச்சரியமில்லை.

காலமும் சேர்ந்துகொண்டது. 2012 டிசம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளுக்கு வழி செய்யும் சட்டம் கையெழுத்தானது. கத்தோலிக்கத் திருச்சபை பல ஆண்டுகள் எதிர்த்த சட்டம். 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக 2010-ல் மணிலா பேராலயத்துக்குள் ‘தமாசோ’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்த கார்லோஸ் செல்ட்ரான், மத உணர்வைப் புண்படுத்தியதாகத் தண்டிக்கப்பட்ட செய்தி 2013 ஜனவரியில்தான் பரபரப்பாகியிருந்தது. தமாசோ, ஹோசே ரிசாலின் 1887 நாவலில் வரும் கொடிய பாதிரியார். நாட்டின் தேசிய வீரர் உருவாக்கிய பாத்திரத்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் காட்டினால் குற்றம். அதற்குப் பயன்பட்டது 1930-ம் ஆண்டு தண்டனைச் சட்டம். 2011-ல் பிலிப்பைன்ஸ் கலாச்சார மையத்தில் மதச் சின்னங்களை வைத்துச் செய்த ஒரு கலைக் கண்காட்சியும் எதிர்ப்பால் மூடப்பட்டது. ஆக, மார்கோஸ் காலத்தில் அரண்மனையைச் சுற்றி இருந்த கோடு, 2013 வாக்கில் ஆலயத்தைச் சுற்றிப் போயிருந்தது.

மெடினா பக்கத்தையும் பார்க்காமல் விட முடியாது. அன்றைய துண்டு அவருடைய நல்ல வேலைகளில் ஒன்றல்ல. மதப் போலித்தனத்தைக் குத்த நினைத்தார், நியாயமான இலக்கு. ஆனால் ஒரு உண்மையான கல்லூரியின் பெயரைச் சொல்லி, அங்கே படிக்கும் பெண்களைப் பற்றிய கிசுகிசுவை ஆதாரமாக வைத்தார். அடி போலிகள் மேல் விழுவதற்கு முன் அந்த மாணவிகள் மேல் விழுந்தது. பேசும் நாய், பெயரில்லாத செனட்டர், கற்பனைக் குடியிருப்பு என்று அவரே கட்டியிருந்த திரையை அன்று அவரே விலக்கிவிட்டார். மார்செலோ எலிகளிடம் கற்றுக்கொண்ட பாடத்தைச் சுதந்திர காலத்தில் மறப்பது சுலபம்தான். இவ்வளவும் சொன்ன பிறகும், ஒரு துண்டுக்காகத் தொடரையே இழந்தது அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து. காமிக்ஸ் பக்கத்தைப் பத்திரிகைகள் ஒருபோதும் இதழியலாகக் கருதியதில்லை, அதனால்தான் அது கைவிட எளிதாக இருந்தது. நிருபர் ஒருவர் இதே அளவு தவறியிருந்தால் ஒரு திருத்தம் வெளியாகியிருக்கும்.

அப்புறம்

2013 ஜூலையில் மெடினா ‘ராப்ளர்’ இணையச் செய்தித்தளத்துக்குப் போனார். பன்றிக்கூட்டுக்காரர்கள் குண்டாகவே, பேச்சு மாறாமலே அங்கே குடியேறினார்கள். ஆனால் வாசிப்பு மாறிவிட்டது. பத்திரிகையில் தாத்தாவும் பேத்தியும் ஒரே தாளைப் பங்குபோட்டுப் படித்தார்கள். இணையத்தில் அவரவர் திரை, அவரவர் ஓட்டம். நாளுக்கு ஒரு ஜோக் என்ற தொழில் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. 2000-ன் கடைசியில் எஸ்ட்ராடா மீது பதவிநீக்க விசாரணை நடந்தபோது ஜோக்குகள் குறுஞ்செய்தியாகக் கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவின. 2001 ஜனவரியில் மக்களை மறுபடி எட்சாவுக்கு வரவழைத்ததும் அதே குறுஞ்செய்திதான். அடுத்த நாள் காலை வரும் தொடரால் அந்த வேகத்தோடு போட்டியிட முடியாது.

அச்சில் மரபு அறுந்துவிடவில்லை. மெடினா இருந்த அதே ‘இன்க்வயரர்’ நாளிதழில் மானிக்ஸ் அப்ரேராவின் ‘கிகோமஷின் கோமிக்ஸ்’ கல்லூரி மாணவர்களின் குழப்பத்தையும் பித்தையும் வரைந்தது. அவர் அப்பா ஜெஸ் அப்ரேராவும் அதே பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட். சாதாரணத் தொழிலாளி ‘ஆ. லிபின்’ அவர் படைப்பு. அப்பா காலத்து நாயகனுக்கு முதலாளி யார், எதிரி யார் என்று தெரியும். மகன் காலத்து நாயகர்களுக்கு அது தெரியவில்லை.

பின்னர் ஜனாதிபதியான ரோட்ரிகோ துதெர்த்தே ஆட்சியில் கோடு மீண்டும் அரண்மனைப் பக்கம் நகர்ந்தது, ஆனால் காவலுக்கு நின்றவர்கள் தணிக்கையாளர்கள் அல்லர். சமூக ஊடகத்தில் கூட்டமாக வந்து வசைபாடும் ஆதரவாளர்கள். 2021 ஜூலையில் ‘தரந்தாடோங் கால்போ’ என்ற பெயரில் வரையும் கெவின் ரேமுண்டோ ஒரே ஒரு படம் போட்டார். துதெர்த்தேயின் அடையாளமான மடக்கிய முஷ்டியே உருவமாகி வரிசை வரிசையாகக் குனிந்து நிற்கிறது; அதில் ஒரு முஷ்டி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மற்ற ஓவியர்கள் தங்கள் பாணியில் அந்த நிமிர்ந்த உருவத்தை வரைந்து சேர்க்கத் தொடங்கினார்கள், நாட்கணக்கில் அது வளர்ந்தது. அந்தப் படத்தில் தலைவரின் முகம் இல்லை, பெயர் இல்லை, அன்றாடத் தொடருக்கு உரிய குடும்பமும் இல்லை. மார்செலோவின் எலிகளுக்கு இது உறவு. பன்றிக்கூட்டுக்கு அவ்வளவு நெருக்கமில்லை: 25 ஆண்டு தினமும் ஒரே வீட்டுக்குள் போய்வருவதால் கிடைக்கும் பழக்கம் ஒரே நாளில் பரவும் படத்துக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாக அதற்கு ஒரு வசதி உண்டு, ஒரு கடிதம் எழுதி அதை நிறுத்தச் சொல்ல ஆசிரியர் என்று யாரும் கிடையாது.